நீதியோடு படிக்க வேண்டிய ஒரு வரலாறு: கிறிஸ்தவச் சிந்தனையும் அறிவியலும், தரங்கம்பாடி முதல் வேலூர் வரை

 



ஒரு சமூகத்தின் மீது கொண்ட வெறுப்பு, அச்சமூகத்தின் விஷயத்தில் நாம் நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடலாகாது என வல்ல இறைவன் தன் திருமறையில் (5:8) கட்டளையிடுகின்றான். இது காழியின் முன் நிற்கும் சாட்சிக்கு மட்டும் உரிய கட்டளை அன்று. வரலாறு பேசுபவனும் ஒரு சாட்சியே. இறந்துபோனவர்களைப் பற்றி அவன் சாட்சி சொல்கிறான். மறுத்துப் பேச அவர்கள் எழுந்து வரப்போவதில்லை. எனவே அவன் பொறுப்பு இன்னும் கூடுதலானது.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. கிறிஸ்தவத் திருச்சபை அறிவியலாளர்களைத் தீயிலிட்டது. முஸ்லிம்கள் அறிவியலை வளர்த்தார்கள். ஐரோப்பா அதனைக் கவர்ந்து சென்று தன் பெயரைப் பொறித்துக் கொண்டது. இப்பேச்சில் பாதி உண்மை உள்ளது. மறு பாதியை மறைத்துவிட்டால் உண்மையான பாதியையும் எவரும் நம்பமாட்டார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் நம் பிள்ளைகள் கல்லூரிகளில் அறிவியல் பயில்கின்றனர். மறைத்த பாதியை ஒருநாள் நூலகத்தில் அவர்களே படிப்பார்கள். அன்று அவர்கள் உள்ளத்தில் எழும் ஐயம் அந்த ஒரு பயானோடு நிற்காது. மிம்பரிலிருந்து கேட்ட அனைத்தின் மீதும் படரும். ஆகவே இவ்வரலாற்றை நாமே முழுமையாகச் சொல்லிவிடுவது நலம்.

திருச்சபை அறிவியலின் பகைவனா?

1633ஆம் ஆண்டு ரோமாபுரியில் கலீலியோ விசாரிக்கப்பட்டு, பூமி சுழல்கிறது என்னும் கருத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். எஞ்சிய வாழ்நாளை வீட்டுக் காவலில் கழித்தார். 1992இல்தான் போப் இரண்டாம் ஜான் பால் அந்த விசாரணையில் நேர்ந்த தவற்றை வெளிப்படையாக ஏற்றுக் கொண்டார். இது மறுக்கவியலாத வரலாறு.

ஆனால் கலீலியோ எவருடைய கொள்கைக்காக வாதிட்டாரோ அந்தக் கோபர்நிகஸ் யார்? ஒரு தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்தவர். 1543இல் வெளியான தம் நூலை அவர் அன்றைய போப்புக்கே காணிக்கையாக்கினார். அதே நூலில் நம் வானியல் மேதை அல்பத்தானீயின் கணிப்புகளையும் பெயர் சொல்லிக் கையாண்டுள்ளார். கெப்ளர் யார்? போதகராக வேண்டும் என்று விரும்பி ஜெர்மனியில் இறையியல் பயின்றவர். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் ஈரடிப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், சுவீடனில் ஒரு போதகரின் மகன். நம் பகுதித் தோல் பதனிடுவோர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய ஆவாரம் பட்டையை எண்ணிப் பாருங்கள். அந்த ஆவாரைக்கு 1753இல் இலத்தீன் பெயர் சூட்டியவர் அந்தப் போதகரின் மகன்தான்.

இவர்கள் மார்க்கத்தை மறந்து அறிவியலுக்கு வந்தவர்கள் அல்லர். தம் மார்க்கத்தின் காரணமாகவே வந்ததாக நம்பியவர்கள்.

அந்தச் சிந்தனை யாது?

அவர்களைத் தூண்டிய சிந்தனையை வரலாற்று ஆய்வாளர்கள் மூன்று கூறுகளாக விளக்குவர்.

முதலாவது, இயற்கை தெய்வமன்று, படைப்பு. கதிரவனையும் நதியையும் தெய்வமாகக் கருதுபவன் அவற்றை வணங்குவான். அளந்து பார்க்கத் துணியமாட்டான். படைப்பு என்று கருதுபவனுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இரண்டாவது, படைத்தவன் ஞானமிக்கவன். எனவே படைப்பில் ஒழுங்கு இருந்தே தீரும். கெப்ளரின் வரலாறு இதற்குச் சான்று. செவ்வாய்க் கோள் வட்டப் பாதையில் செல்வதாகக் கொண்டு அவர் பல்லாண்டுகள் கணக்கிட்டார். டைகோ பிராஹே பதிவு செய்திருந்த அளவுகளோடு ஒப்பிட்டபோது 8 கலைகள் வேறுபட்டன. ஒரு பாகையில் 60 கலைகள் என்பதை நினைவிற் கொண்டால் இது எத்துணைச் சிறிய வேறுபாடு என்பது விளங்கும். பிறர் இதனைப் புறக்கணித்திருப்பர். ஆனால் டைகோவைப் போன்ற நுட்பமான பார்வையாளரை இறைவன் நமக்கு அளித்திருக்கும்போது அந்த எட்டுக் கலைகளை அலட்சியம் செய்தல் நன்றிகேடாகும் என்பது கெப்ளரின் எண்ணம். வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்று உலகுக்கு அறிவித்தார்.

மூன்றாவது, இறைவன் தன் நாட்டப்படி படைப்பவன். உலகம் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று அறையில் அமர்ந்து தர்க்கம் செய்து முடிவு கட்ட இயலாது. அவன் எப்படிப் படைத்தான் என்பதைக் கண்ணால் கண்டு, கையால் சோதித்தே அறிய வேண்டும். இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் இக்கருத்தில் ஊன்றி நின்றார். காற்றின் அழுத்தத்தைப் பற்றிய விதியை 1662இல் வெளியிட்ட அவரே, தம் மதத்தை நிலைநாட்டும் சொற்பொழிவுகளுக்காகத் தம் உயிலில் பொருள் ஒதுக்கிச் சென்றார். நியூட்டனோ இறையியலைப் பற்றி எழுதிக் குவித்தார். திரித்துவக் கொள்கையைத் தம் உள்ளத்தில் மறுத்து, அதனை மறைத்தே வாழ்ந்தார். அதனால் அவரை முஸ்லிம் என்று சிலர் சொல்லிக் கொள்வது மிகை. தம் வேதத்தைத் தாமே ஆராய்ந்து அம்முடிவுக்கு வந்த கிறிஸ்தவர் அவர்.

நம் அகீதாவின் ஒளியில்

மத்ரஸாவில் அகாயித் பாடம் ஓதியவர்களுக்கு இம்மூன்றாவது கூறு புதிதாகத் தோன்றாது. நெருப்பு பஞ்சை எரிப்பது நெருப்பின் சொந்த ஆற்றலால் அன்று. அல்லாஹ் தான் ஏற்படுத்திய வழமைப்படி எரிதலை அங்கே படைக்கின்றான் என்பது நம் அஷ்அரீ இமாம்களின் நிலைப்பாடு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டளவில் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலில் இதனை விரிவாக நிறுவினார்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், 1277இல், பாரிஸ் நகரப் பேராயர் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்களின் 219 கருத்துகளுக்குத் தடை விதித்தார். இறைவனின் ஆற்றலுக்கு எல்லை வகுக்கும் கருத்துகள் பல அவற்றுள் இருந்தன. நவீன அறிவியலின் பிறப்பே அங்குதான் என்று பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் துயேம் வாதிட்டார். அதனை ஏற்காத ஆய்வாளர்களும் உளர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கஸ்ஸாலி இமாம் அவர்களின் இந்தக் கொள்கைதான் முஸ்லிம் உலகில் அறிவியலை அழித்தது என்று மேலை நாட்டார் சிலர் எழுதினர். அதே கொள்கை பாரிஸில் அறிவியலைப் பிறப்பித்தது என்று வேறு சிலர் எழுதினர். ஒரே விதை ஓரிடத்தில் நஞ்சாகவும் மற்றோரிடத்தில் அமுதாகவும் ஆகுமா? ஆகாது. அப்படியானால் விதை மட்டும் போதாது. நிலமும் நீரும் உழவும் வேண்டும் என்றல்லவா ஆகிறது!

அந்த நிலம் எது? பைசாந்தியத்திலும் அபிசீனியாவிலும் கிறிஸ்தவம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அங்கெல்லாம் இத்தகைய எழுச்சி ஏற்படவில்லை. மேற்கு ஐரோப்பாவில் தன்னுரிமை பெற்ற பல்கலைக்கழகங்கள் இருந்தன. அச்சு இயந்திரம் வந்தது. கடல் வாணிபம் செல்வத்தையும் புதிய கேள்விகளையும் கொண்டு வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே அரபு நூல்கள் அங்கு சென்று சேர்ந்திருந்தன. 1187இல் மறைந்த கிரெமோனா ஊர் ஜெரார்டு, ஸ்பெயினின் தொலேதோவில் தங்கி எழுபதுக்கும் மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். இப்னு ஸீனாவின் மருத்துவ நூல் 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பாடநூலாக விளங்கியது. இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூல் 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. கிறிஸ்தவச் சிந்தனை ஒரு வேர். நம் முன்னோரின் உழைப்பு மற்றொரு வேர். இரண்டில் எதனை மறைத்தாலும் நீதி பிறழும்.

தரங்கம்பாடிக்கு வந்த போதகர்கள்

அச்சிந்தனை நம் தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1706ஆம் ஆண்டு ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ ஆகிய இரு ஜெர்மானியப் போதகர்கள் டேனிஷ் மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் இறங்கினர். அவர்களுக்குப் பின்னணியாக நின்றது ஜெர்மனியின் ஹாலே நகர். அங்கே ஓர் அநாதை இல்லத்தை நிறுவிய பிராங்கே என்னும் போதகர், அதனோடு ஓர் இயற்கைப் பொருட்காட்சி அறையையும் அமைத்திருந்தார். படைப்பைக் கண்டால் படைத்தவனை அறியலாம் என்பதே அதன் நோக்கம்.

மதம் மாற்றுவதே இப்போதகர்கள் வந்த முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. ஆயினும் அவர்களுள் பலர் இந்நிலத்தின் மரம், செடி, மீன், பாம்பு அனைத்தையும் கருத்தூன்றிக் கற்றனர். க்ரூண்ட்லர் என்பார் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பாடம் செய்து பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளோகுக்கு அனுப்பினார். மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரில் இன்றும் அந்த ஜானின் பெயர் நிற்கிறது. 1776இல் வந்த ராட்லர், தாவரங்களைத் திரட்டியதோடு பெரியதொரு தமிழ்-ஆங்கில அகராதியையும் உருவாக்கினார்.

இவர்களுள் நாம் தனித்து நினைக்க வேண்டியவர் கோனிக். லின்னேயஸின் மாணவர், மருத்துவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மிஷன் தந்த ஊதியம் அவருடைய ஆராய்ச்சிப் பயணங்களுக்குப் போதவில்லை. 1770களில் அவரைத் தம் இயற்கை ஆய்வாளராகப் பணியில் அமர்த்திக் கொண்டவர் யார் தெரியுமா? ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா! நவாபின் ஊதியத்தில் கோனிக் சென்னைக்கு வடக்கேயுள்ள மலைகளிலும் இலங்கையிலும் தாவரங்களைத் தேடித் திரிந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்குச் சென்றார்.

ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் கிறிஸ்தவ அறிஞர் ஒருவரை ஆதரித்தார் என்பதில் நாம் மகிழலாம். பக்தாதின் கலீஃபாக்கள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவரை ஆதரித்த மரபின் தொடர்ச்சி அது. ஆனால் வேறுபாட்டையும் கவனியுங்கள். பக்தாதில் ஹுனைனின் மொழிபெயர்ப்புகள் அரபியில் நிலைபெற்றன. அவற்றைப் படித்து அர்ராஸியும் இப்னு ஸீனாவும் எழுந்தனர். கோனிக் 1785இல் மறைந்தபோது அவருடைய கையெழுத்துப் படிகள் இலண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குச் சென்றன. அவருடைய தோழர் ராக்ஸ்பரோ பிற்காலத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். நம்மவர் பொருள் கொடுத்தார். அறிவு கப்பலேறிப் போயிற்று. கட்டணம் செலுத்துபவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வேலூரின் மூன்று இரவுத் தட்டல்கள்

இனி நம் வாசலுக்கே வருவோம். அமெரிக்காவிலிருந்து 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர். அவருடைய புதல்வர்கள் 1853இல் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினர். அக்குடும்பத்தில் 1870ஆம் ஆண்டு டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்த பெண் ஐடா ஸ்கடர். மிஷனரியாக வாழும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் நோயுற்றிருந்த தாயைக் காண வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். என் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் எம் பெண்களைப் பார்ப்பது ஆகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போயினர்.

அம்மூவருள் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குடி இந்து.

சகோதரர்களே, இச்சம்பவத்தைக் கிறிஸ்தவ நூல்களில் படிக்கும்போது நம் நெஞ்சு குறுகுறுக்க வேண்டும். கட்டாயத் தேவையின்போது, பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ உள்ளிட்ட நம் மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டமாகும். அன்று அந்த மனிதருக்கு இதனை எடுத்துச் சொல்ல ஓர் ஆலிம் அருகில் இருந்திருந்தால்? அதைவிட மேலாக, நம் சமூகத்தில் ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால்? ஒரு உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு நிகர் எனத் திருமறை (5:32) போதிக்கும் சமூகமல்லவா நாம்!

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900இல் வேலூர் திரும்பினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரில் 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் தாதியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1947இல்தான் அங்கே ஆண்களும் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் வெற்றிகரமாக நிறைவேறிய முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971இல் அங்குதான் நடந்தது. நம்மில் அந்த வாசலை மிதிக்காத குடும்பம் எத்தனை?

தொழுநோயாளியின் கை

அதே கல்லூரிக்கு 1946இல் பால் பிராண்ட் என்னும் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் நம்பிக்கையோடு நிற்கவில்லை. பார்த்தார், அளந்தார், குறித்து வைத்தார். நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்குகிறது. வலி இல்லாததால் சூடும் காயமும் தெரியாமல் விரல்கள் சிதைகின்றன என்று கண்டறிந்தார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை 1948இல் வேலூரில் தொடங்கியது. உலகிலேயே தொழுநோயாளருக்கு அதுவே முதன்முறை. உணர்விழந்த பாதங்களுக்காக மென்மையான ரப்பர் அடி வைத்த காலணிகளையும் அவர் குழுவினர் உருவாக்கினர். 1955இல் கரிகிரியில் இதற்கென ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது.

வலியை இறைவனின் கொடை என்று கருதியவர் அவர். உடலில் வீணாகப் படைக்கப்பட்டது எதுவுமில்லை என்னும் நம்பிக்கையே, வலி இல்லாவிடில் என்னவாகும் என்ற கேள்விக்கு அவரை இட்டுச் சென்றது. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்தித்து, இவை வீணுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்று உணர்வோரைத் திருமறை (3:191) புகழ்கிறது. நாம் அந்த ஆயத்தைத் தஹஜ்ஜுதில் ஓதுகிறோம். அதன் கருத்தொத்த ஒரு நம்பிக்கையோடு அவர் ஆய்வுக்கூடத்தில் நின்றார்.

நம் கடமை யாது?

அவர்களின் அகீதா வேறு. நம் அகீதா வேறு. ஏகத்துவத்தில் அணுவளவும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் படிப்பினை பெறுவதற்கு அகீதா தடையன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்துரைக்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிமல்லாத மருத்துவரைத் தவிர வேறு மருத்துவரே இல்லை; நம்மவரோ கருத்து வேறுபாட்டு விவாதங்களில் போட்டி போடுகின்றனர் என்று வருந்துகிறார்கள். அவர்களுக்கும் முன்பே, அறிவில் மூன்றில் ஒரு பங்கான மருத்துவத்தை முஸ்லிம்கள் பிறரிடம் விட்டுவிட்டார்களே என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கவலைப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியே உள்ளான் என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் ஹதீஸ் உள்ளது. அம்மருந்தைத் தேடும் பொறுப்பு யாருக்கு?

பெண்களின் பங்கும் நமக்குப் புதிதன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி, மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த கூடாரத்தில் சிகிச்சையளித்தார். மருத்துவத்திற்கும் பள்ளிவாசலுக்கும் இடையே அன்று சுவர் இருக்கவில்லை.

நம் முன்னோர் முற்றிலும் உறங்கிவிடவில்லை. வேலூரில் ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை எழுப்பித் தீனைக் காத்தார்கள். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்து வள்ளல் அப்துல் ஹகீம் சாஹிபின் பெயரால் 1965இல் கல்லூரி அமைந்தது. தோல் வணிகத்தின் செல்வம் கல்வியாக மாறிய வரலாறு இது. ஆனால் கட்டடம் தொடக்கம்தான். கேள்வி கேட்டு, சோதித்து, எட்டுக் கலை வேறுபாட்டுக்கும் உறங்காத உள்ளம் அதற்குள் உருவாக வேண்டும்.

அதற்கான கேள்வி தொலைவில் இல்லை, பாலாற்றங்கரையிலேயே உள்ளது. 20ஆம் நூற்றாண்டில் ஆவாரம் பட்டைக்குப் பக்கத்தில் குரோமியம் வந்தது, வணிகம் செழித்தது, ஆறும் கிணறும் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் நம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பற்றித் தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. தராசை நிலைநிறுத்தி, அதில் வரம்பு மீறாதீர் என எச்சரிக்கும் வேதத்தை (55:7-9) உடையவர்கள் நாம். அத்தராசைச் சரி செய்யும் வேதியியலை நம் பிள்ளைகள் இபாதத் என்னும் நிய்யத்தோடு கற்கலாகாதா?

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இதனை ஆலோசிக்கட்டும். பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒரு மாணவிக்கேனும் மருத்துவமோ தாதியர் கல்வியோ பயில உதவட்டும். மத்ரஸா மாணவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளை அறிவியல் சொல்லித் தரட்டும். பழைய நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தில் வானியலும் ஜியோமிதியும் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளட்டும். இரவில் ஒரு கதவு தட்டப்பட்டால், திறந்து வெளியே வருவதற்கு நம் வீட்டுப் பெண்ணும் ஆயத்தமாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், நீதியுள்ள நாவையும், பிறர் துயர் துடைக்கும் கரங்களையும் தந்தருள்வானாக! நம் பிள்ளைகளை ஈமானோடும் அறிவோடும் வளரச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.